வாசலில் நிறுத்தப்பட்ட சமூகத்தின் பிள்ளை: பெருந்தலைவர் காமராஜர்

 

நமது ஜமாஅத்தின் ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலரில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதி வருகின்றோம். ஸஹாபாக்கள், இமாம்கள், வலிமார்கள் ஆகியோரின் சரிதைகளையே இதுவரை எழுதினோம். இவ்வாண்டு பெருந்தலைவர் காமராஜர் அவர்களைப் பற்றி எழுதப்போவதாகக் கூறியபோது, கமிட்டியில் ஒருசிலர் வியப்படைந்தனர். பள்ளிவாசல் மலரில் அரசியல் தலைவர் எதற்கு என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். அன்னாரின் அரசியலைப் பேசுவது நமது நோக்கமன்று. விருதுநகரில் பிறந்த ஒரு மனிதர், தம் முன்னோர் எந்த வாசல்களில் நிறுத்தப்பட்டனரோ அந்த வாசல்களின் சாவி தம் கைக்கு வந்தபோது என்ன செய்தார் என்பதே நாம் எழுத வந்த செய்தி. அது நம் மஹல்லாவுக்கும் வேண்டிய செய்திதான் என்பதைப் படித்து முடிக்கும்போது ஜமாஅத்தார்கள் உணர்வார்கள் என நம்புகின்றோம், இன்ஷா அல்லாஹ்.

காமராஜர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்தார். விருதுநகர் என்னும் பெயர் 1923இல் தான் வந்தது. தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. தாயார் சிவகாமி அம்மையார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என அழைக்கப்பட்ட குழந்தையைத் தாயார் ராஜா என்று செல்லமாக அழைக்க, இரண்டும் சேர்ந்து காமராஜா ஆயிற்று. இவையெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிப்பவை. பாடத்தில் அதிகம் சொல்லப்படாதது, அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் நடந்த கொடுமையாகும். அதை அறியாமல் அன்னாரின் வாழ்வை விளங்கிக்கொள்ள இயலாது என்பதால், சற்று விரிவாக எழுதுகின்றோம்.

அக்காலத்தில் நாடார் சமூகத்தார் ஆகம விதிப்படி கட்டப்பட்ட கோவில்களுக்குள் நுழைய முடியாது. பொதுக் கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் பொன் நகை பூணவும் பல ஊர்களில் தடை இருந்தது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்வதற்குக்கூட மறுப்பு இருந்ததாக அக்கால ஆவணங்கள் கூறுகின்றன. இந்நிலையில் அச்சமூகத்தின் ஒரு பகுதியினர் வடக்கே வந்து வாணிபத்தில் இறங்கினர். சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் பேட்டைகள் அமைத்தனர். விற்கும் சரக்கின் மீது சிறு தொகையை மகிமை என எடுத்து வைத்து, உறவின்முறை என்னும் அமைப்பின் மூலம் பொதுக் காரியங்கள் செய்தனர். நமது ஜமாஅத்தின் தலைக்கட்டு வரியையும் பைத்துல்மாலையும் அறிந்த நமக்கு இது புதிதன்று.

கையில் பொருள் சேர்ந்தது. ஆயினும் வாசல் திறக்கவில்லை. 1897ஆம் ஆண்டு மே மாதம் கமுதியிலுள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோவிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவர்கள் மீது வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றத்தில் நாடார்கள் தோற்றனர். 1901இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். 1908இல் கடல்கடந்து இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலிலும் தோற்றனர். இறைவனை வணங்கப் போன ஒருவர், தமக்கு அவ்வுரிமை இல்லை என்னும் தீர்ப்பைப் பெறப் பதினோர் ஆண்டுகள் வழக்காடினார் என்றால், அவ்வுள்ளம் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே பிரச்சினை சிவகாசியிலும் மூண்டது. அங்குள்ள விசுவநாதர் கோவிலுக்குள் நுழையும் உரிமையை நாடார்கள் கோரினர், மற்றவர்கள் மறுத்தனர், கோவில் பூட்டப்பட்டது. பூட்டிய கோவிலைச் சுற்றி ஈராண்டு காலம் பகை வளர்ந்தது. கோவில் மட்டுமே காரணம் என்றும் கூறுவதற்கில்லை. ஊர்க்காவலால் பிழைத்து வந்த மறவர் சமூகத்தாருக்கு அப்பிழைப்பு நலிந்துகொண்டிருந்தது. கடைவீதியில் செல்வம் பெருகுவதையும், கடன் சீட்டுகள் அச்செல்வர்கள் கையில் இருப்பதையும் அவர்கள் கண்டனர். நேற்றுவரை கீழே இருந்தவன் இன்று மேலே வருகின்றான் என்னும் எரிச்சலும் சேர்ந்தது. 1899ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பல்லாயிரம் பேர் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கினர். வீடுகள் எரிந்தன, உயிர்கள் மடிந்தன. கலகம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் பரவியது. 1,958 பேர் கைது செய்யப்பட்டனர். 552 பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 7 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கலகத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் ரயிலேறிச் சென்னைக்குச் சென்று, அருங்காட்சியகத்தின் பார்வையாளர் பதிவேட்டில் கையொப்பமிட்டு, சம்பவத்தின்போது தாம் ஊரிலேயே இல்லை என நிரூபிக்க முயன்றார் என்பதை அவ்வருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். இவ்வூர்ப் பெரியவர்கள் இதனைச் சிவகாசிக் கொள்ளை என்றே கூறுவர். இன்று இரு சமூகத்தாரும் ஒரே கடைவீதியில் வாணிபம் செய்கின்றனர். ஒரே பட்டாசு ஆலையில் வேலை செய்கின்றனர். பழைய புண்ணைக் கீறுவதற்காக நாம் இதை எழுதவில்லை.

அதே தர்ஸ்டன் மற்றொரு செய்தியையும் கூறுகின்றார். அக்கலக நாட்களில் நாடார்களுள் சிலர் இஸ்லாத்தைத் தழுவினர். தலைமுடியை மழித்துத் தாடி வளர்த்தனர். பெண்கள் உடையை மாற்றிக்கொண்டனர். சிறுவர்களுக்குக் கத்னா செய்யப்பட்டது. ஒரு வாசல் மூடப்பட்டபோது அவர்கள் தட்டிய மற்றொரு வாசல் நமது பள்ளிவாசலின் வாசல். இச்செய்தியைப் படிக்கும்தோறும் நமக்குப் பெருமிதமும் அச்சமும் ஒருங்கே உண்டாகின்றன. அச்சம் ஏன் என்பதைப் பின்னர் கூறுகின்றோம்.

இந்தப் புகை அடங்கி நான்கே ஆண்டுகளில், பதினாறு மைல் தொலைவுக்குள் பிறந்தவர் தான் காமராஜர். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை, அச்சமூகத்தார் மகிமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்த்த பள்ளி. பிறர் பள்ளியில் இடமில்லை என்றால் நாமே பள்ளி கட்டுவோம் என்னும் வைராக்கியம் அது. ஆறு வயதிலேயே தந்தையை இழந்த சிறுவர் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். கடையில் துணி கிழிப்பதைவிட, மைதானத்தில் நடக்கும் கூட்டங்களிலேயே அவருக்கு நாட்டம் இருந்தது. 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்தபோது அவர் உள்ளம் முழுமையாகத் தேச விடுதலையின் பக்கம் திரும்பியது.

பையன் கெட்டுப் போகின்றான் எனக் கருதிய குடும்பத்தார், திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அவரை அனுப்பி வைத்தனர். அங்கேயோ வைக்கம் போராட்டம் காத்திருந்தது. 1924இல் தொடங்கிய அப்போராட்டம் கோவிலுக்குள் நுழைவதற்காகக்கூட அன்று. கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காக. ஈழவரும் புலையரும் அத்தெருக்களில் கால் வைக்கக் கூடாது. ஆனால் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நடந்து செல்லலாம். நேற்று வரை தடுக்கப்பட்ட மனிதன், மதம் மாறிவிட்டால் இன்று அதே தெருவில் செல்லலாம் என்பது அக்கால நியதி. நமக்குத் திறந்திருந்த தெரு அவருக்கு மூடியிருந்தது என்பதை ஜமாஅத்தார்கள் கவனிக்க வேண்டும். காமராஜர் அப்போராட்டத்தில் பங்கு கொண்டார்.

அதன்பின் சிறைவாசங்கள். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் தொடங்கி, அலிப்பூர், வேலூர், அமராவதி எனப் பல சிறைகளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்து நாற்காலியில் அமர்ந்தவர், இப்பதவிக்கு உரிய நேரத்தைத் தம்மால் தர இயலாது எனக் கூறி அன்றே விலகினார். பதவியை விட்டு இறங்குவதற்குத் தனி மனம் வேண்டும். முத்தவல்லி தேர்தலைக் கண்ட நம் ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மற்றொரு பெரியவரைக் கூறாமல் செல்வது நன்றிகேடாகும். பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், காமராஜருக்கு நேர் எதிரான நீதிக்கட்சியைச் சேர்ந்தவர். சென்னையிலுள்ள பாண்டி பஜார் அவர் பெயரால் அமைந்ததே. அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த காலத்தில், தனியார் பேருந்துகளில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் வழக்கம் இருந்தது. நம் விருதுநகரும் சிவகாசியும் அன்று அந்த ஜில்லாவுக்குள் தான் இருந்தன. சக மனிதனை ஏற்றாத பேருந்துக்கு உரிமம் ரத்து செய்யப்படும் என அவர் உத்தரவிட்டார். அவரும் நாடார் சமூகத்தவரே. தமக்கு மேலிருப்பவர்கள் தம்மைத் தடுத்ததை எதிர்த்த ஒரு சமூகத்தில் பிறந்து, தமக்குக் கீழே என உலகம் கருதியவர்களுக்கும் அதே நீதியைக் கேட்டார். அரசியலில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றனர். இவ்விஷயத்தில் அவர்களிடையே வேற்றுமை இல்லை.

1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஐந்து ஆதிதிராவிடர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துச் சென்றார். நாற்பதாண்டுகளுக்கு முன் ஊர்களை எரித்த அதே கேள்வி, ஒரு பிராமணப் பெரியவரின் துணிவால் அன்று அமைதியாகத் தீர்ந்தது. அந்த ஐவருள் ஒருவரான கக்கன் அவர்கள் பிற்காலத்தில் காமராஜரின் மந்திரிசபையில் அமைச்சரானார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராஜர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அவர் அமைத்த சிறிய மந்திரிசபையைக் கூர்ந்து நோக்கினால் அவருடைய மனம் விளங்கும். தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சர்களாக்கினார். இதைப் பலரும் கூறுவர். நம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவன வேறு இரண்டு.

முதலாவது, இந்து அறநிலையத் துறையைப் பரமேஸ்வரன் என்னும் தாழ்த்தப்பட்ட சமூகத்து அமைச்சரிடம் ஒப்படைத்தது. எந்தக் கோவில்களின் வாசலில் அவர் முன்னோர் நிற்கவும் தகாதவர் எனக் கருதப்பட்டனரோ, அந்தக் கோவில்களின் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. துறை அமைச்சர் வந்தால் வரவேற்பதும் மரியாதை செய்வதும் கோவிலாரின் கடமையாயிற்று. இதற்காகக் காமராஜர் நீண்ட சொற்பொழிவு ஏதும் ஆற்றியதில்லை. ஒரு கோப்பில் ஒரு பெயரை எழுதினார், அவ்வளவே.

இரண்டாவது, அதே மந்திரிசபையில் பொதுப்பணித் துறைக்கு அமைச்சராக அவர் அமர்த்தியவர் இராமநாதபுரம் மன்னர் சண்முக ராஜேஸ்வர சேதுபதி. கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாதென வழக்குத் தொடுத்த பாஸ்கர சேதுபதியின் பேரர் இவர். பாட்டனார் யாரை வாசலில் நிறுத்த நீதிமன்றம் சென்றாரோ, அச்சமூகத்தின் பிள்ளை முதலமைச்சர். பேரர் அவர் கீழ் அமைச்சர். பழி தீர்க்க நினைத்திருந்தால் இதைவிடச் சிறந்த தருணம் வாய்த்திராது. காமராஜர் அவரை மரியாதையுடன் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார். மக்கா வெற்றியின் நாளில் நம் நபி (ஸல்) அவர்கள், தம்மை ஊரைவிட்டு விரட்டிய குறைஷியருக்குப் பொது மன்னிப்பு அளித்ததையும், கறுப்பு அடிமையாயிருந்த பிலால் (ரழி) அவர்களைக் கஅபாவின் மேலேற்றிப் பாங்கு சொல்ல வைத்ததையும் நாம் ஒரே நாளின் இரு நிகழ்ச்சிகளாகவே எப்போதும் ஓதி வருகின்றோம். ஒப்பிடுவதற்காகக் கூறவில்லை; நபிமார்களின் தரம் வேறு. மன்னிப்பும் நீதியும் ஒருங்கே நடக்க முடியும் என்பதைக் காட்டவே கூறுகின்றோம்.

ராஜாஜி அவர்கள் 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் காமராஜர் கைவிட்டார். அரை நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பனின் தொழிலைக் கற்றல் என்பது அத்திட்டம். கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும். முடி திருத்துபவர் மகன் அதே கத்தியையும், சலவைத் தொழிலாளி மகன் அதே கல்லையும் பிடிப்பதற்கு அரசாங்கமே நேரம் ஒதுக்கித் தருவதாக அது அமையும் என்றே பலரும் எதிர்த்தனர். அதன் பின் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்டனர் என்பதை, பசி தீர்ந்ததைவிடவும் பெரிய செயலாகவே நாம் கருதுகின்றோம். நம் மஹல்லாவின் மூத்தவர்கள் பலர் அச்சோற்றை உண்டு படித்தவர்களே. ஆயினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. அன்னாரின் சொந்த வட்டாரத்தில் தீப்பெட்டி ஆலைகளும் பட்டாசு ஆலைகளும் விடியற்காலையில் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளை ஏற்றி வந்த காலம் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அப்பிள்ளைகளுள் நம் பிள்ளைகளும் இருந்தனர்.

இனி, அன்னாரின் ஆட்சியில் நடந்த பெருந்துயரத்திற்கு வருகின்றோம். எழுதத் தயக்கமாகவே உள்ளது, விட்டுவிட்டால் நேர்மையாகாது. 1957ஆம் ஆண்டுத் தேர்தலையும் இடைத்தேர்தலையும் அடுத்து முதுகுளத்தூர்ப் பகுதியில் மறவர்களுக்கும் தேவேந்திர குல வேளாளர்களுக்கும் இடையே மோதல்கள் மூண்டன. இராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய இம்மானுவேல் சேகரன் என்னும் இளைஞர், தம் மக்கள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் எனப் பாடுபட்டு வந்தார். செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் அவர் மற்றவர்களுக்குச் சமமாக அமர்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. மூன்று நாட்கள் கழித்துக் கீழத்தூவல் கிராமத்தில் மறவர் சமூகத்தவர் ஐவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கலகம் பல கிராமங்களுக்குப் பரவி வீடுகள் எரிந்தன. இரு பக்கமும் உயிர்கள் பலியாயின. முத்துராமலிங்கத் தேவர் அவர்கள் கைது செய்யப்பட்டு, பின்னர் 1959இல் நீதிமன்றத்தால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். தேவர் அவர்களும் காமராஜர் அவர்களும் ஒரு காலத்தில் ஒரே காங்கிரஸில் ஒன்றாக உழைத்தவர்கள் என்பது வேதனைக்குரியது.

காமராஜரின் அரசு கலகத்தை அடக்கியது. கீழத்தூவல் துப்பாக்கிச் சூடு அவ்வாட்சியின் மீது படிந்த கறை என்பதே நமது கருத்து. அடக்கப்பட்ட பகை அழிந்துவிடவில்லை என்பதையும் கண்டோம். 2011ஆம் ஆண்டு அதே பரமக்குடியில், அதே இம்மானுவேல் சேகரனின் நினைவு நாளில், மீண்டும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சமமாக அமர்ந்தான் என்பதற்காக மூளும் கோபத்தைச் சட்டம் ஓரளவு தடுக்கும். உள்ளத்திலிருந்து பிடுங்கி எறிய முதலமைச்சராலும் இயலவில்லை.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1967இல் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் தீப்பற்றி எரிந்தன. காரணம் அறிய அந்நாட்டு அதிபர் அமைத்த கெர்னர் குழு, 1968இல் அளித்த அறிக்கையில் வெள்ளையரின் இனப் பாகுபாட்டையே அடிப்படைக் காரணமாகக் காட்டியது. வேலை, வீடு, பள்ளி என ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தப்பட்டவர்களின் தெருவில்தான் முதல் தீப்பொறி விழுந்தது. சிவகாசியில் மேலேறியவனைக் கண்டு பொறாதவர்கள் தீ வைத்தனர். அங்கே ஏறவிடாமல் தடுக்கப்பட்டவர்களின் சினம் தீயாயிற்று. இரண்டு தீக்கும் விறகு ஒன்றே.

காமராஜர் தாமும் கும்பல் வன்முறையைக் கண்டவர். 1966ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பசுவதைத் தடை கோரித் தில்லியில் நடந்த ஊர்வலம் கலவரமாக மாறியபோது, காங்கிரஸ் தலைவராயிருந்த அவருடைய இல்லம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. அவர் உயிர் தப்பினார். மறு ஆண்டுத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். மக்கள் தீர்ப்பை அமைதியாக ஏற்றுக்கொண்டார்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அன்னார் மறைந்தார். மணம் புரியாதவர், சேர்த்து வைத்த சொத்து ஏதுமில்லை. 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நமது மாவட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அப்பெயர் எவ்வாறு போயிற்று என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. அவர் தேவேந்திர குல வேளாளர் சமூகத்து வீரர். அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் எனச் சிலர் கிளம்பினர், பேருந்துகள் தாக்கப்பட்டன, இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரமெங்கும் கலவரம் பரவியது. முடிவில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. நாம் அப்போது மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தோம். பேருந்து ஓடாமல் ஊர் திரும்ப வழியின்றி நின்றது நினைவிருக்கின்றது. சௌந்தரபாண்டியனார் எந்த மண்ணில் எல்லோரையும் பேருந்தில் ஏற்ற வைத்தாரோ, அதே மண்ணில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பின், ஒரு பெயருக்காகப் பேருந்து எரிந்தது.

இவையெல்லாம் பிற சமூகத்தாரின் கதை, நம்மிடம் சாதி இல்லை என ஜமாஅத்தார்கள் எண்ணலாம். ஸஃப்பில் இல்லை, உண்மைதான், அல்ஹம்துலில்லாஹ். யார் பக்கத்தில் யார் நிற்கின்றார் என எவரும் பார்ப்பதில்லை. முன்னே நாம் கூறிய அச்சம் பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு தொடங்குவது. நாம் அறிந்த ஒரு மஹல்லாவில் (ஊர்ப் பெயர் வேண்டாம்), இருபது ஆண்டுகளுக்கு முன் கலிமா சொன்ன ஒரு குடும்பத்துப் பையனுக்குப் பெண் கேட்டனர். பையன் ஐவேளைத் தொழுகையாளி. அச்சகத்தில் நல்ல வேலை. பெண் வீட்டார் மார்க்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய பாட்டனார் யார் என்று மட்டும் கேட்டனர். சம்பந்தம் நின்றுபோயிற்று. அதே மஹல்லாவில் நாவிதர் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாகச் சந்தா கட்டி வருகின்றது. கமிட்டியில் அக்குடும்பத்தார் பெயரை எவரும் முன்மொழிந்ததில்லை. எவரும் தடுக்கவுமில்லை, எவருக்கும் நினைவு வரவில்லை, அவ்வளவே. அந்தப் பையன் இப்போது வேறு ஊரில் தொழுகின்றான் எனக் கேள்விப்படுகின்றோம்.

அபூதர் (ரழி) அவர்கள் எத்தகைய ஸஹாபி என்பதை நாம் அறிவோம். அவர்களே ஒருமுறை கோபத்தில் ஒரு மனிதரின் தாயைச் சுட்டி இழிவாகப் பேசிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, அபூதரிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் எஞ்சியிருப்பதாகக் கண்டித்தார்கள். அவ்வளவு பெரிய ஸஹாபியிடம் எஞ்சியிருந்தது நம்மிடம் எஞ்சியிருக்காது என எந்த ஆலிமும் பத்வா தர முடியாது. வரும் ஆண்டு தலைக்கட்டுப் பதிவேட்டைப் புதுப்பிக்கும்போதும், நிகாஹ் பேச்சில் பெரியவர்கள் அமரும்போதும் இதனை நினைவிற் கொள்ளுமாறு கமிட்டியாரையும் குடும்பத் தலைவர்களையும் பணிவுடன் வேண்டுகின்றோம். இந்த வேண்டுகோளை இவ்வாண்டுப் பொதுக்குழுவில் எழுத்து மூலமாகவும் வைத்துள்ளோம்.

விருதுநகரில் காமராஜர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக உள்ளது. மதரஸாப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும் என எண்ணியுள்ளோம். மிகச் சிறிய வீடு. அவர் முதலமைச்சராக இருந்தபோது சிவகாமி அம்மையார் அங்கே தான் வாழ்ந்தார். அவ்வீட்டைப் பற்றி இவ்வூர்ப் பெரியவர்கள் கூறும் செய்தி ஒன்று உண்டு. முதலமைச்சரின் தாயார் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதா எனக் கருதிய நகராட்சியார், வீட்டுக்கே தனிக் குழாய் இணைப்புக் கொடுத்தனர். ஊருக்கு வந்த காமராஜர் அதைக் கண்டு, தெருவில் எவருக்கும் இல்லாதது தம் வீட்டுக்கு எதற்கு எனக் கேட்டு, உடனே நீக்கச் சொன்னார். பொதுக் கிணற்றில் நீர் இறைக்க முன்னோருக்கு உரிமை மறுக்கப்பட்ட அவ்வீட்டில், குழாய் கழற்றப்பட்டது. அம்மையார் மீண்டும் தெருவார் எல்லோருடனும் பொதுக் குழாயில் நின்று தண்ணீர் பிடித்தார்.

வஸ்ஸலாம்.